நீட்டிக் குறைக்கும் திரைச்சீலை பிராக்கெட்: அளவெடுப்பது முதல் மாட்டி முடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

திரைச்சீலை வாங்கக் கிளம்புகிறவர்கள் துணியைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலைப்பொழுதையே செலவழிக்கிறார்கள். கம்பியையும் கொஞ்சம் பார்க்கிறார்கள். அந்தக் கம்பியைச் சுவரில் தாங்கப்போகும் பிராக்கெட்டை மட்டும் கடைக்காரர் எடுத்துப் போட்டபடி வாங்கி வந்துவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். திரை கொசுவலைச் சட்டத்தில் உரசினாலும், கம்பி நடுவில் தொய்ந்தாலும், பூச்சு பெயர்ந்து திருகு வெளியே வந்தாலும் குற்றம் துணியுடையது அல்ல. பிராக்கெட்டின் கை எவ்வளவு நீள வேண்டும், அதன் அடித்தகடு சுவரில் எங்கே உட்கார வேண்டும் என்ற இரண்டு கேள்விகளைத் தொடக்கத்தில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நீட்டிக் குறைக்கக்கூடிய பிராக்கெட் முதல் கேள்வியை எளிதாக்குகிறது. இரண்டாவது கேள்விக்கு அது பதில் சொல்லாது; கையை அதிகம் நீட்டினால் அந்தக் கேள்வியை இன்னும் கடினமாக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, ஜன்னலுக்கு மேல் கான்கிரீட் லிண்டல், ஜன்னலில் இரும்புக் கம்பி அல்லது கிரில் என்று தமிழ்நாட்டில் பரவலாக இருக்கும் வீட்டை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

எதை நீட்டலாம், எதை நகர்த்தலாம்

கடையில் ‘அட்ஜஸ்டபிள்’ என்று கேட்டால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பொருள்களைக் காட்டுவார்கள். அதிகம் விற்பது, கை முன்னும் பின்னும் நகரும் வகை. இதிலும் இரண்டு உண்டு. ஒன்று, தகடு மேல் தகடு சறுக்கும் அமைப்பு; நீள்துளையில் ஒரு திருகு போட்டு இறுக்குவார்கள். கொக்கிகள் ஓடும் டிராக், மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் ரோமன் பிளைண்ட் போன்றவற்றுக்கு இது பொருந்தும். மற்றொன்று, உருண்டையான கை ஒரு குழலுக்குள் நுழைந்து, பக்கவாட்டில் உள்ள சிறிய பூட்டுத் திருகால் நிற்பது. வரவேற்பறைகளில் கண்ணுக்குத் தெரியும்படி மாட்டுவது பெரும்பாலும் இதைத்தான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பூட்டுத் திருகு வழவழப்பான கையை வெறும் அழுத்தத்தால் மட்டுமே பிடிக்கிறது. கனமான திரைக்கு இதை வாங்கினால், கையில் திருகு அமர்வதற்கு ஒரு பள்ளமோ தட்டையான முகமோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இரண்டாவது, உயரத்தை மாற்றும் வகை. அடித்தகட்டில் வட்டத் துளைக்குப் பதில் செங்குத்தான நீள்துளை இருக்கும். சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்கலாம் என்பது அற்பமாகத் தோன்றும். துளையிடும்போது பிட் செங்கல் இணைப்பில் சறுக்கி 3 மி.மீ. கீழே போய்விட்டால், அந்த நீள்துளையின் அருமை தெரியும். என்னைக் கேட்டால், கை நீளும் வசதியைவிட இந்த நீள்துளைதான் முதலில் பார்க்க வேண்டிய அம்சம்.

இவை தவிர, மூலை ஜன்னல்களுக்குக் கோணம் திரும்பும் இணைப்பு, பின்னால் ஒன்று முன்னால் ஒன்றாக இரண்டு கம்பிகளைத் தாங்கும் இரட்டை பிராக்கெட், பரணின் அடியிலோ கூரையிலோ மாட்டும் வகை ஆகியவையும் உண்டு.

முதல் படி: ஜன்னலுக்கு முன்னால் துருத்துவதை அளப்பது

அகலத்தையும் உயரத்தையும் அளப்பதற்கு முன், ஜன்னலின் முகத்தில் சுவரைத் தாண்டி வெளியே நிற்பது எது, எத்தனை செ.மீ. நிற்கிறது என்று பாருங்கள். மரச்சட்டத்தின் விளிம்பு, கதவை நிறுத்தும் கொக்கி, உள்பக்கம் திறக்கும் கொசுவலைக் கதவு, ஏ.சி. குழாய், கிரானைட் படியின் முனை என எதுவாகவும் இருக்கலாம். ஜன்னலை மூடிவைத்து அளந்தால் போதாது. எல்லாவற்றையும் திறந்து, மூடி, நகர்த்திப் பார்த்து, அதிகபட்சத் துருத்தலைக் குறித்துக்கொள்ளுங்கள். கொசுவலைக் கதவு முழுதாக உள்ளே திறப்பதாக இருந்தால் எந்தக் கையும் அந்த அளவுக்கு நீளாது. அங்கே கம்பியைக் கதவின் மேல்விளிம்பைவிட உயரத்தில் மாட்டி, திறக்கும்போது துணியை முற்றிலும் ஓரத்துக்குத் தள்ளும்படி அமைப்பதே வழி.

அந்தத் துருத்தலோடு 8 செ.மீ. கூட்டுங்கள். வளையம் பதித்த திரை, கம்பியின் முன்னும் பின்னும் மாறிமாறி மடிந்து தொங்கும். பின்பக்க மடிப்புக்கு அந்த அளவு இடம் தேவை. துருத்தல் 2 செ.மீ. என்றால், சுவரிலிருந்து கம்பியின் நடுப்பகுதி வரை 10 செ.மீ. இருக்க வேண்டும். கொக்கியில் மாட்டும் மடிப்புத் தலை வைத்த திரைக்கு இதைவிடக் குறைந்த இடம் போதும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். உங்களுக்குத் தேவையான 10 செ.மீ., பிராக்கெட்டின் நீட்சி எல்லைக்கு நடுவிலோ குறைந்த முனையிலோ விழ வேண்டும். அதிகபட்ச நீளத்தில் கொண்டுபோய் நிறுத்தும்படி எந்த பிராக்கெட்டையும் வாங்காதீர்கள். அந்த நிலையில் உள்ளே செருகியிருக்கும் பகுதி மிகக் குறைவு. கை முதல் நாளே சற்றுக் கீழ்நோக்கித் தலை சாய்க்கும்.

கை நீள நீள மேல் திருகு படும் பாடு

இதை எண்களில் பார்த்தால் விளங்கும். 5 அடி அகல ஜன்னலுக்கு இருமடங்கு அகலத் துணி, அதாவது ஏறக்குறைய 3 மீட்டர் வேண்டும். உயரம் 2.2 மீட்டர் என்று வைத்தால் 6.6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள பருத்தித் துணி என்றால் சுமார் 1.65 கிலோ. வெளிச்சத்தை மறைக்கும் பிளாக் அவுட் உள்துணி சேர்த்தால் எடை இருமடங்கையும் தொடலாம். 25 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் குழாய் 2 மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. மொத்தம் 4 கிலோ என்று கொண்டால், இரண்டு பிராக்கெட்டில் ஆளுக்கு 2 கிலோ.

கேட்கச் சிறிய எடைதான். ஆனால் அடித்தகட்டின் கீழ்விளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ள, மேல் திருகுதான் பிடுங்கும் இழுவையைத் தாங்குகிறது. கீழ்விளிம்புக்கும் மேல் திருகுக்கும் 4 செ.மீ. இடைவெளி இருந்து, கை 8 செ.மீ. நீண்டால் மேல் திருகில் விழும் இழுவை 4 கிலோ. கையை 16 செ.மீ.க்கு நீட்டினால் 8 கிலோ. அதே திரையை 15 கிலோ எடையுள்ள குழந்தை பிடித்துத் தொங்கினால், அந்த எடை இரண்டு பிராக்கெட்டிலும் பாதிப் பாதியாகப் பிரிந்தாலும், 16 செ.மீ. கையில் அது 38 கிலோவாகிறது. குழந்தை உள்ள எந்த வீட்டிலும் இது ஒருநாள் நடக்கும். அதற்கும் சேர்த்தே மாட்ட வேண்டும்.

இதிலிருந்து வாங்கும்போது பார்க்க வேண்டியது தெளிவாகிறது. அடித்தகடு உயரமாக இருக்க வேண்டும். திருகுத் துளைகள் பக்கம் பக்கமாக இல்லாமல் மேலும் கீழுமாக இருக்க வேண்டும், மேல் துளை எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ரூபாய் நாணயம் அளவுக்குச் சிறிய வட்டத் தகட்டில் 15 செ.மீ. கை நீளும் பிராக்கெட்டுகள் ஏராளமாக விற்கின்றன. அவற்றைச் சல்லாத்துணிக்கு மேல் எதற்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் படி: தகடு உட்காரும் இடம்

நம் வீடுகளில் ஜன்னல் திறப்பின் மேலே, பொதுவாகத் தரையிலிருந்து 7 அடியில் கான்கிரீட் லிண்டல் தொடங்குகிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 6 அங்குலம், அதாவது 15 செ.மீ. இருபுறமும் சுவருக்குள் 6 அங்குலமாவது நுழைந்திருக்கும். பல வீடுகளில் எல்லாச் சுவர்களிலும் தொடர்ந்து ஓடும். திரைக் கம்பிக்கு அழகான உயரம் திறப்புக்கு மேல் 10 முதல் 15 செ.மீ. என்பதால், பெரும்பாலோர் தெரியாமலேயே லிண்டலில் துளையிடத் தொடங்குகிறார்கள். சாதாரண டிரில் மெஷின் ஒரு செ.மீ. பூச்சைத் தாண்டியதும் நின்றுவிடும். மெஷின் பழுது என்று நினைத்து மேலும் அழுத்துவார்கள். பிட் சூடேறி முனை மழுங்கும்.

தப்பிக்க இரண்டு வழிகள். ரோட்டரி ஹேமர் வகை மெஷின் கிடைத்தால் லிண்டலிலேயே போடலாம். கான்கிரீட்டைப்போலப் பிடிப்பது வேறு எதுவும் இல்லை. முக்கிய இரும்புக் கம்பிகள் லிண்டலின் அடிப்பகுதியிலும் மேற்பகுதியிலும் ஓடுவதால், நடு உயரத்தில், அதாவது திறப்புக்கு மேல் ஏறக்குறைய 8 செ.மீ.யில் துளையிடுவது நல்லது. குறுக்கு வளையக் கம்பி தட்டுப்படலாம். உலோகச் சத்தம் கேட்டவுடன் நிறுத்தி, பக்கவாட்டில் 2 செ.மீ. தள்ளிப் போடுங்கள். சாதாரண மெஷின் மட்டுமே இருந்தால், லிண்டலைத் தாண்டி 20 செ.மீ. உயரத்துக்குப் போய்ச் செங்கல்லில் துளையிடுங்கள். திரை 5 முதல் 10 செ.மீ. நீளமாகத் தைக்கவேண்டிவரும், ஜன்னல் உயர்ந்து தோன்றும் என்பது அதில் கிடைக்கும் லாபம்.

ஜன்னலுக்கு மேல் பரண் இருக்கும் அறைகளில் கதை வேறு. பரணின் அடியில் மாட்டும் பிராக்கெட் வாங்கலாம். ஆனால் வளையத் திரையின் தலைப்பகுதி கம்பிக்கு மேலே 4 செ.மீ. அளவுக்கு நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் துணி பரணில் உரசி மடங்கும். பரண் தாழ்வாக இருந்தால் கம்பியை விட்டுவிட்டு, கொக்கி ஓடும் டிராக்கைப் போடுவதே நிம்மதி.

பக்கவாட்டில், திறப்பின் இரு ஓரங்களிலிருந்தும் 15 முதல் 20 செ.மீ. தள்ளி பிராக்கெட் வர வேண்டும். அப்போதுதான் பகலில் துணியைச் சுவர்ப்பக்கம் ஒதுக்கிக் கண்ணாடி முழுவதையும் வெளிச்சத்துக்கு விட முடியும். இந்த இடத்துக்கு நேர் கீழேயோ மேலேயோ சுவிட்ச் போர்டு, ஏ.சி. பாயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சுவருக்குள் பதித்த மின்குழாய் பெரும்பாலும் அவற்றிலிருந்து செங்குத்தாகவே போகும். அந்தக் கோட்டில் துளை போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அறையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து வேலை செய்யுங்கள்.

மூன்றாம் படி: மட்டம் பார்த்துக் குறிப்பது

தரையிலிருந்து அளந்து குறிக்காதீர்கள்; கூரையிலிருந்தும் வேண்டாம். இரண்டுமே வாட்டம் உள்ளவை. ஒரு பக்கத்து பிராக்கெட்டுக்கு ஜன்னல் சட்டத்திலிருந்து அளந்து பென்சிலால் குறி வையுங்கள். அங்கிருந்து ரசமட்டத்தை ஒரு நேரான பலகை அல்லது திரைக் கம்பியின் மேலேயே வைத்து எதிர்ப்பக்கக் குறியை இடுங்கள். அகலமான ஜன்னலுக்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் இதைவிடத் துல்லியமானது. தண்ணீர் நிரப்பிய ஒல்லியான குழாய், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்.

பழைய வீடுகளில் ஒரு சங்கடம் வரும். ரசமட்டம் சரி என்கிறது. ஆனால் ஜன்னல் சட்டமே சாய்ந்திருப்பதால் கம்பி கோணலாகத் தெரிகிறது. கிரில்லின் கிடைக்கம்பிகள் பக்கத்திலேயே இருப்பதால் கண் அவற்றோடுதான் ஒப்பிடும். முழு அகலத்துக்கும் வேறுபாடு அரை செ.மீ.க்குள் இருந்தால் ரசமட்டத்தை நம்புங்கள். அதற்கு மேல் போனால் இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். ரோலர் பிளைண்டுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

நான்காம் படி: துளை, பிளக், திருகு

சல்லாத்துணிக்கும் சாதாரணப் பருத்தித் திரைக்கும் 6 மி.மீ. பிளக்கும் (துளைக்குள் அடித்து, திருகைப் பிடித்துக்கொள்ளும் உறை) 40 மி.மீ. நீளத் திருகும் போதும். பிளாக் அவுட் திரை, நீண்ட கை, குழந்தைகள் உள்ள வீடு என்றால் 8 மி.மீ. பிளக், 5 மி.மீ. கனமும் 50 மி.மீ. நீளமும் கொண்ட திருகு. பிராக்கெட்டோடு கொடுக்கும் குட்டைத் திருகுகளை நம்ப வேண்டாம். உள்பூச்சு மட்டுமே 12 முதல் 15 மி.மீ. இருக்கும். 25 மி.மீ. திருகில் பாதிக்கு மேல் பூச்சிலேயே முடிந்துவிடும், செங்கல்லைப் பிடிக்க அதிகம் மிஞ்சாது.

பிட்டின் அளவும் பிளக்கின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளக்கின் நீளத்தோடு ஒரு செ.மீ. கூட்டி, பிட்டில் அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். அதுவே நிறுத்தக் கோடு. முதலில் மெஷினின் ஹேமரை, அதாவது சுத்தியல்போலத் தட்டும் இயக்கத்தை அணைத்துவிட்டு மெதுவாகப் பூச்சைத் துளைத்து, செங்கல் வந்ததும் ஹேமரைப் போடுங்கள். இப்படிச் செய்தால் துளையின் வாய் சிதறாது. துளைக்குக் கீழே ஒரு காகிதத்தை மடித்து ஒட்டினால் தூள் அதிலேயே விழும். கண்ணாடி அணியுங்கள், தலைக்கு மேல் துளையிடும்போது தூள் கண்ணுக்குத்தான் வரும். துளைத்த பிறகு உள்ளிருக்கும் தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக்கை அடித்தால் அது முழுதாக இறங்காது. பிளக் சுவரின் முகத்தோடு சமமாக, முடிந்தால் 2 மி.மீ. உள்ளே அமர வேண்டும்.

துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சி செருகிச் சமாளிப்பதை எங்கும் பார்க்கலாம். மரத்துண்டு அடிப்பதும் பழைய பழக்கம்; மரம் காய்ந்து சுருங்கியதும் பிடிப்பு போய்விடும். அடுத்த பெரிய அளவு பிளக்குக்குப் போவது அல்லது துளையைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, இறுகியபின் மறுபடி துளையிடுவது, இவை இரண்டுதான் சரியான வழிகள். சுவர் உப்புப் பூத்துப் பூச்சு பொடிந்தால், முதலில் ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்யுங்கள். அந்த இடத்தில் எந்த பிளக்கும் நிற்காது.

புதிய அடுக்குமாடிகளில் எடை குறைந்த ஏ.ஏ.சி. கல் சுவர் இருக்கலாம். துளையிடும்போது வெள்ளை அல்லது சாம்பல் நிறத் தூள் மாவாகக் கொட்டினால் அதுதான். அங்கே ஹேமரைப் போடவே கூடாது. அந்தக் கல்லுக்கென்றே விற்கும் நீளமான நைலான் பிளக்கை வாங்குங்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் நேரடியாகத் திரையைத் தொங்கவிடுவது ஆபத்து. பலகைக்குப் பின்னால் பிளைவுட் வைத்திருந்தால் மட்டுமே அங்கே திருகலாம்.

ஐந்தாம் படி: மூன்றாவது பிராக்கெட்டும் ஒரு நூலும்

நீட்டிக் குறைக்கும் வசதி தன் பெயரைக் காப்பாற்றுவது இங்கேதான். 25 மி.மீ. கம்பியில் 5 அடிக்கு மேல் இடைவெளி போனால் நடுவில் ஒரு பிராக்கெட் கட்டாயம். 19 மி.மீ. கம்பிக்கு 4 அடியே எல்லை. ஆனால் நம் சுவர்கள் நேரானவை அல்ல. லிண்டல் இருக்கும் இடத்தில் பூச்சு சற்றுப் புடைத்தும், ஓரங்களில் உள்வாங்கியும் இருக்கும். கை நீளம் மாறாத மூன்று பிராக்கெட்டுகளை இப்படிப்பட்ட சுவரில் மாட்டினால் நடுப் பிராக்கெட் கம்பியை முன்னே தள்ளும். கம்பி வில்லாக வளையும், அல்லது ஓரத் திருகுகளை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே முதலில் இரு ஓரங்களையும் மாட்டி, தேவையான நீளத்தில் கைகளை வைத்துப் பூட்டுங்கள். கம்பி உட்காரும் அவற்றின் கிண்ணங்களில் ஒரே இடத்தைத் தொடும்படி நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுப் பிராக்கெட்டின் அடித்தகட்டைச் சுவரில் திருகி, கையை மெல்ல நகர்த்தி, கிண்ணத்தின் அதே இடம் நூலை அசைக்காமல் தொடும்போது பூட்டுங்கள். உயரத்தையும் அதே நூலே சொல்லும். நீள்துளை இருந்தால் அங்கே திருத்திக்கொள்ளலாம். பிறகு நூலை அவிழ்த்துக் கம்பியை வையுங்கள். மூன்று கிண்ணங்களிலும் அது அழுத்தமில்லாமல் தானே அமர வேண்டும். ஒரு கிண்ணத்தில் அமுக்கி வைக்கவேண்டியிருந்தால் எங்கோ திருத்தம் பாக்கி இருக்கிறது.

நடுப் பிராக்கெட்டை வளையத் திரை தாண்டாது. இடது திரை இடப்பக்கமும் வலது திரை வலப்பக்கமும்தான் ஓடும். ஒரே துணியை முழு அகலத்துக்கும் இழுக்க விரும்புகிறவர்கள் டிராக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கம்பியை மாட்டும்போது இன்னொரு நுணுக்கம். ஓர் ஓர வளையம் மட்டும் பிராக்கெட்டுக்கும் கம்பி முனையிலுள்ள குமிழுக்கும் நடுவில் இருக்கும்படி கோர்த்துவிடுங்கள். திரையை இழுக்கும்போது ஓரம் நகராமல் நிற்கும், பக்கவாட்டில் வெளிச்சமும் கசியாது.

இரட்டைக் கம்பி போடுவோர் கவனத்துக்கு

பகலுக்குச் சல்லாத்துணி, இரவுக்குக் கனமான திரை என்று இரண்டு போடும்போது பின்கம்பிக்கு 8 செ.மீ., முன்கம்பிக்கு 15 அல்லது 16 செ.மீ. தேவைப்படுகிறது. கனமானது முன்கம்பியில், அதாவது இழுவை அதிகமான இடத்தில் தொங்குகிறது. ஆகவே இரட்டை பிராக்கெட் வாங்கும்போது மலிவு பார்க்கவே கூடாது. 8 மி.மீ. பிளக், உயரமான அடித்தகடு, 4 அடிக்கு ஒரு பிராக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்கம்பி 12 அல்லது 16 மி.மீ. குழாயாக இருந்தாலே போதும்.

ரோலர் பிளைண்ட்

சுருண்டு ஏறும் திரைக்கு மட்டமே உயிர். உருளையின் ஒரு முனை தாழ்ந்தால் துணி ஏறும்போது ஒரு பக்கமாக நகர்ந்து, பிராக்கெட்டில் உரசி விளிம்பு பிசிறும். ரசமட்டத்தை உருளையின் மேலேயே வைத்துப் பார்த்து, நீள்துளையில் தாழ்ந்த முனையைத் தூக்குங்கள். ஜன்னல் குழிவுக்குள், அதாவது சுவரின் கனத்துக்குள் ஜன்னல் உள்வாங்கியிருக்கும் இடத்தில் மாட்டுவதாக இருந்தால் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவைக் கொடுங்கள். குழிவு எப்போதும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை.

இழுத்தால் இறங்கி, சிறிது இழுத்து விட்டால் தானே ஏறும் ஸ்பிரிங் வகையும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன் 1864-இல் காப்புரிமை பெற்ற ஸ்பிரிங் உருளையின் வழியில் வந்தது அது. அதன் இரண்டு பிராக்கெட்டுகளும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் வட்டத் துளை, மற்றொன்றில் நீள்வெட்டு. உருளையின் உருண்டை முனை வட்டத்திலும், தட்டையான நாக்கு நீள்வெட்டிலும் அமர வேண்டும். அந்த நாக்குத் திரும்பாமல் நின்றால்தான் ஸ்பிரிங் முறுக்கேறும்.

மணிச்சங்கிலியோ கயிறோ தொங்கும் எந்தத் திரையிலும், அதன் வளையத்தைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் சிறு பிடியைக் கட்டாயம் திருகுங்கள். தளர்ந்து தொங்கும் கயிறு சிறு குழந்தையின் கழுத்தில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. தொட்டிலையோ கட்டிலையோ அந்த ஜன்னலை ஒட்டிப் போடவும் வேண்டாம்.

வாடகை வீடும் கடற்கரை வீடும்

துளையிட உரிமையாளர் சம்மதிக்காத இடத்தில், குழிவுக்குள் இறுகி நிற்கும் ஸ்பிரிங் கம்பி சல்லாத்துணியைத் தாங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. தேக்குச் சட்டம் இருந்தால், அனுமதி கேட்டு அதன் முகத்திலேயே சிறிய பிராக்கெட்டைத் திருகலாம். 2.5 மி.மீ. பிட்டால் முன்துளை போட்டால் மரம் வெடிக்காது. காலி செய்யும்போது மரத்துளையை மக்குப் பசையால் அடைப்பது, சுவரில் துளை அடைப்பதைவிட எளிது.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று உப்புக்காற்று வீசும் ஊர்களில் முலாம் பூசிய இரும்பு பிராக்கெட் சீக்கிரமே துருப்பிடித்து, வெள்ளைத் திரையில் பழுப்புக் கறையை இறக்கும். 304 தர எஃகு கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் காந்தம் வைத்து, ஒட்டவில்லை, ஆகவே 304 என்று காட்டினால் அதை ஏற்க வேண்டாம். விலை குறைந்த 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. திருகும் அதே தரத்தில் இருக்க வேண்டும். பிராக்கெட் பளபளவென்றிருக்க, திருகின் தலை மட்டும் துருவேறிக் கறை ஒழுகுவது பல வீடுகளில் நடக்கிறது.

பால்கனியில் மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிட இந்த பிராக்கெட்டுகள் எதுவும் உதவாது. நனைந்த தட்டியின் எடையோடு காற்றின் உதறலும் சேரும். அதற்குக் கான்கிரீட்டில் விரியும் ஆங்கர் போல்ட் கொக்கிதான் வேண்டும். கீழ்முனையையும் கிரில்லோடு கட்டி வையுங்கள்.

மாட்டிய பிறகு

முதல் வாரத்தில் துணியின் எடையில் கைகள் தங்கள் இடத்தைத் தேடி அமரும். ஒரு வாரம் கழித்து ஸ்டூல் போட்டு ஏறி எல்லாப் பூட்டுத் திருகுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். பிறகு துவைப்பதற்காகத் திரையைக் கழற்றும் ஒவ்வொரு முறையும், பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வெள்ளையடிக்கும்போதும், கம்பி இல்லாத வெற்று பிராக்கெட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கை ஆடினால் பூட்டுத் திருகை இறுக்கினால் போதும். தகடே ஆடினால் திருகை மேலும் முறுக்காதீர்கள். அதைக் கழற்றி, பிளக்கை எடுத்துப் பார்த்து, பெரிய அளவில் புதிது போட்ட பிறகே திரையை மாட்டுங்கள்.